ஸ்டிக்கருக்கு அடியில்

முப்பத்து மூன்று லட்சம் சட்டைக் காலர்கள். நாளொன்றுக்கு ஐந்நூறு, ஆண்டுக்கு முந்நூறு நாள், அப்படி இருபத்திரண்டு ஆண்டுகள் என்று பெருக்கினால் ஏறத்தாழ இந்தக் கணக்கு வரும். அத்தனையும் ஒரே விரலுக்கு அடியில் போயிருக்கின்றன. வலது கை ஆள்காட்டி விரல். அதன் சொந்தக்காரர் ஏற்றுமதிச் சட்டைகள் தைக்கும் ஆலை ஒன்றில் கடைசிப் பரிசோதகர். தையல், பொத்தான், இஸ்திரி, மடிப்பு எல்லாம் முடிந்து, பெட்டிக்குள் போவதற்கு முன்னால் சட்டை அவர் மேசைக்கு வரும். அவர் சரி என்றால் கப்பல் ஏறும். இல்லையென்றால் வந்த வழியே திரும்பும்.

ஆலையில் அவருக்கு ‘ரிஜெக்ட் அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவருடைய நாத்தனார் மட்டும் கூப்பிடுவார். நாத்தனாருக்கு அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவில் வேலை. வீடும் பக்கத்து வீடு. ஆகவே நாத்தனாருக்குத் தப்ப வழியில்லை, பயமும் விட்டுப்போய்விட்டது.

கண்ணை நம்பக் கூடாது என்பது ரிஜெக்ட் அக்காவின் கட்சி. வெளிச்சம் மாறினால் கண் மாறும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கும். விரல் சொக்காது. காலரின் உள்பக்கத் தையல்மீது ஆள்காட்டி விரலை ஓட்டினால், எங்கே நூல் தளர்ந்திருக்கிறது, எங்கே ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது, உள்ளே வைத்த விறைப்புத் துணி எங்கே சுருண்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். குறை தட்டுப்பட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார். சரிசெய்து வந்ததும் ஸ்டிக்கரை உரித்துத் தன் மேசை ஓரத்தில் ஒட்டிவிடுவார். ஸ்டிக்கரோடு சட்டை கப்பல் ஏறினால் அதுவும் குறைதான். அந்த மேசையின் ஓரம் மரமா காகிதமா என்று இப்போது சொல்ல முடியாது.

ஸ்டிக்கர் விஷயத்தில் அவர் ஒருமுறை சூடு கண்டவர். எண்ணெய்க் கறை பட்ட சட்டைகளில், கறை இருந்த இடம் பார்த்து சைஸ் ஸ்டிக்கரை நைசாக ஒட்டி, ஒரு கட்டு முழுவதையும் தள்ளிவிடப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எந்த ஸ்டிக்கரைக் கண்டாலும் கை தானாக உரிக்கும். கடையில் வாங்கும் பழத்தில் ஒட்டியிருப்பதைக்கூட உரித்து, அடியில் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பார். “மேல ஒட்டியிருக்குன்னா கீழ ஏதோ இருக்கு” என்பார்.

அவர் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். ஆலைப் பால். துணித் தூசி தொண்டையில் தங்காமல் இருக்க, ஒன்பது மணி இடைவேளையில் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது அந்த ஆலையின் பழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பால் மெல்ல மெல்ல நீர்த்துப்போனது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். ரிஜெக்ட் அக்கா ஒரு கறுப்புத் துணித் துண்டில் ஒரு கரண்டிப் பாலை ஊற்றி, காயவைத்து, மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

“பால் பட்டா கறை விழணும் சார். இதுல விழல.”

மறு வாரம் முதல் பால் கெட்டியானது. இன்றுவரை அப்படியே வருகிறது. தான் போராடி வாங்கிய பாலை யார்தான் சந்தேகிப்பார்கள்?

இந்த மழைக்காலத்தின் நடுவில் ஒரு நாள் காலை, ஒரு சட்டைக் காலரின் அடிப்பட்டைக்குள் குண்டூசி இருந்தது. சட்டையை மடிக்கும்போது குத்துகிற ஊசி. மடித்து முடிந்ததும் எடுத்துவிட வேண்டியது. விரல் அதன்மேல் நன்றாகவே இறங்கியது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். “மொதல்ல கையைக் கழுவுங்கக்கா.”

“கழுவுறேன். யார் கட்டு இது?”

“மடிப்புல இருந்து வந்தது. யாரோ மறந்திருப்பாங்க.”

“போன வாரம் மடிப்புல இருந்து வந்த மூணு கட்டைத் திருப்பினேன். இந்த வாரம் எனக்கு மட்டும் ஊசி வருது. மறந்தாங்களாம்.”

கையைக் கழுவினார். வேலையைத் தொடர்ந்தார். இரண்டு நாளில் விரல் நுனி பழுத்த பழம் போலப் பளபளத்தது. துடிப்பு மணிக்கட்டு வரை போயிற்று. காலரைத் தொட்டால் தையல் தெரியவில்லை. வலி மட்டும் தெரிந்தது. இடது கையால் முயன்றார். இடது விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, நேற்று வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி எல்லாவற்றையும் சரி என்றது.

அனுமதி வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். அங்கே கூட்டம். டாக்டர் இளம் பெண். நாற்காலியில் உட்கார்ந்தவர்களைவிட வாசலில் நின்றவர்கள் அதிகம் என்பதால் வேகமாகப் பேசினார், ஆனால் விரலை மெதுவாகத்தான் பிடித்தார். சிறியதாகக் கீறிச் சீழை வெளியேற்றி, கட்டுப்போட்டார். மருந்து எழுதத் தொடங்கியபோது கேட்டார்.

“இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?”

“சின்ன வயசுல ஒரு ஊசி போட்டாங்க. உடம்பு பூரா தடிச்சிருச்சு.”

என்ன ஊசி, எதற்குப் போட்டது என்று விசாரித்த டாக்டர், எழுதியதை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார்.

“ஏன் மாத்துறீங்க?”

“நீங்க சொன்னதாலதான். மொதல்ல எழுதினது அந்த ஊசியோட சொந்தக்கார மருந்து. இது வேற வகை.”

பதில் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், இவ்வளவு சீக்கிரம் மாற்ற முடிகிறது என்றால் முதலில் எழுதியது எதற்கு என்ற கேள்வி ரிஜெக்ட் அக்காவின் மனதில் நின்றது. அதற்குள் டாக்டர் ஒரு பேனாவை எடுத்து, விரலில் சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த எல்லையைச் சுற்றி ஒரு கோடு போட்டார். குறையைச் சுற்றிக் கோடு போடுவது ரிஜெக்ட் அக்காவுக்குப் பழகிய முறை. டாக்டர்மீது கொஞ்சம் மரியாதை வந்தது.

“காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலி போயிடுச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, எழுதினது முடியணும். உடம்புல தடிப்பு வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திட்டு ஓடி வாங்க. இந்தச் சிவப்பு, நான் போட்ட கோட்டைத் தாண்டினா அன்னைக்கே வரணும். மறுநாள் இல்ல.”

“தாண்டினா என்ன ஆகும்?”

“எலும்புக்குப் போகலாம். போச்சுன்னா நுனியை எடுக்க வேண்டியிருக்கும்.”

ரிஜெக்ட் அக்கா தன் விரலைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுச் சம்பளம் அந்த நுனியில்தான் இருந்தது.

மருந்துக்கடைக்காரர் முப்பது வயதுக்காரர், பொறுமைசாலி. அன்று அந்தப் பொறுமைக்கு நல்ல வேலை.

“தம்பி, எழுதினது ஒரு பேரு. குடுக்கிறது வேற பேரு.”

“டாக்டர் எழுதினது மருந்தோட பேருக்கா. பெட்டியில பெருசா இருக்கிறது கம்பெனி வச்ச பேரு. கீழ சின்னதா போட்டிருப்பாங்க, பாருங்க.”

தையல் எண்ணும் பூதக்கண்ணாடி எப்போதும் அவர் பையில் இருக்கும். அதை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்தார். பெயர் சரி. அட்டையை வெளியே எடுத்து ஒவ்வொரு கேப்ஸ்யூலையும் விளக்குக்கு எதிரே பிடித்தார். ஒட்டு சரி. தொகுதி எண் பெட்டியிலும் அட்டையிலும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். இவ்வளவு நேரமும் கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் ஸ்டிக்கரில் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார். கடைக்காரர் ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டி, பெட்டியைப் பையில் போட்டு நீட்டினார்.

“நான் சொன்னது புரிஞ்சுதாக்கா?”

“பில்லு குடுங்க” என்றார் ரிஜெக்ட் அக்கா.

மிச்சமிருந்த வேலை நேரத்துக்கு ஆலைக்கே திரும்பினார். மேசையில் உட்கார்ந்து பெட்டியை வெளியே எடுத்தபோதுதான் கவனித்தார்: மஞ்சள் ஸ்டிக்கர் சரியாகக் காலாவதித் தேதி அச்சிட்டிருந்த மூலையை மறைத்து ஒட்டப்பட்டிருந்தது. பெட்டியில் எத்தனையோ இடம் இருக்க, அங்கே. கை தானாக உரித்தது. அடியில் தேதி இருந்தது. அடுத்த ஆண்டுத் தேதி. அச்சு கலையவில்லை, அதன்மேல் இன்னொரு அச்சும் இல்லை. பெட்டி பாஸ். உரித்த ஸ்டிக்கரை வழக்கம்போல் மேசை ஓரத்தில் ஒட்டிவிட்டு, அடுத்த சட்டையை இழுத்தார். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. ஸ்டிக்கர்கள் அவருக்கு உரிப்பதற்கு மட்டுமே உரியவை.

மாலையில் நாத்தனார் வந்தார். கையில் கத்தரித்த அட்டை ஒன்று. அதில் நான்கைந்து மாத்திரைகள்.

“போன வருஷம் எனக்குப் பல்லுக்குக் குடுத்தது அண்ணி. நல்ல பவர். இதையும் சேர்த்துப் போட்டுக்கோங்க, சீக்கிரம் ஆறிடும்.”

“தேதி எங்க? அந்தப் பக்கத்தைக் கத்தரிச்சிருக்கியே.”

“மருந்துக்கு எதுக்குத் தேதி, கல்யாணமா பண்ணப் போறோம்?”

“உனக்குப் பல்லுக்கு எழுதினதை நான் எதுக்கு விரலுக்குத் திங்கணும்? அது இருக்கட்டும், இது எப்படி மிச்சம் ஆச்சு? நீ முழுசா போடலயா?”

நாத்தனார் அட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “ரிஜெக்ட் அக்கான்னு சும்மாவா சொல்றாங்க” என்று கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் சொன்னார். அண்ணன் பேருந்துப் பணிமனையில் பிரேக் மெக்கானிக். இந்த இருவருக்கு நடுவில் வாயைத் திறக்காமலிருப்பது அவர் கற்றுக்கொண்ட இரண்டாவது தொழில்.

நாத்தனார் சும்மா போகிறவர் அல்ல. எலும்பு என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதும் மறுநாள் ஒரு டப்பாவோடு வந்தார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை.

“எலும்புக்குப் போகலாம்னுதானே சொன்னாங்க? எலும்பை நாம முன்னாடியே பலப்படுத்திக்கிட்டா?”

ரிஜெக்ட் அக்கா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியில் சீல் உடையவில்லை. தேதி இருந்தது. ஸ்டிக்கர் எதுவும் இல்லை. நாத்தனார் கொண்டுவந்த பொருளொன்று அந்த வீட்டில் பாஸானது அன்றுதான்.

இப்படித்தான் அது தொடங்கியது. காலைக் கேப்ஸ்யூல், வெறும் வயிற்றில் எரியும் என்று, ஒன்பது மணி இடைவேளையில் ஆலைப் பாலோடு. இரவுக் கேப்ஸ்யூல் வீட்டில், சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் ஒரு டம்ளர் பாலும் சேர்த்து. கைபேசியில் மணி வைத்துக்கொண்டார். ஒரு வேளைகூடத் தவறவில்லை. சீழ் வெளியேறியதில் வலி முதலில் குறைந்தது. மேலே போட்டிருந்த கோட்டிலிருந்து சிவப்பு கொஞ்சம் உள்ளே சுருங்கியது.

“பரவாயில்லயே” என்றார் கணவர். “ஒரு பொருளைத் திருப்பி அனுப்பாம முழுசா ஏத்துக்கிட்டிருக்க.”

“இன்னும் முடியல” என்றார் அவர்.

முடியவில்லைதான். வார இறுதியில் துடிப்பு திரும்பி வந்தது. ஒரு நாள் மாலை கட்டைப் பிரித்தபோது சிவப்பு அந்தக் கோட்டின் மேல் நின்றது. சாப்பிட்டு முடித்துப் பார்த்தபோது கோட்டுக்கு வெளியே ஒரு நகக்கண் அகலத்துக்கு வந்திருந்தது.

ரிஜெக்ட் அக்காவின் மனதில் விசாரணை தொடங்கியது. மருந்து போலி. அதனால்தான் அந்த ஸ்டிக்கர். தேதியை மறைக்க இல்லையென்றால் வேறெதையாவது மறைக்க. இல்லை, டாக்டர் எழுதி அடித்தாரே, அந்த முதல் மருந்துதான் சரியான மருந்து. இல்லை, மடிப்புப் பிரிவில் குண்டூசியில் ஏதாவது தடவியிருப்பார்கள். கடைசி எண்ணத்தைக் கணவரிடம் சத்தமாகவே சொன்னார்.

“சட்டை மடிக்கிறவங்களா ஊசியில விஷம் வைக்கிறாங்க?” என்றார் கணவர். “கோட்டைத் தாண்டினா அன்னைக்கே வரச் சொன்னாங்கல்ல? கிளம்பு. இப்பவும் அங்க ஆள் இருப்பாங்க.”

“வெறுங்கையோடவா? ஏமாத்திட்டாங்கன்னு சொல்லணும்னா ஆதாரம் வேணும்.”

ஆலையில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு சட்டையை எடுத்துத் துவைத்துப் பார்ப்பார்கள். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சட்டையைப் பலி கொடுப்பார்கள். வாஷ் டெஸ்ட் என்று பெயர். ரிஜெக்ட் அக்கா ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்தார். உள்ளே மஞ்சள் தூள். வெள்ளைத் துணியில் கொட்டி, தண்ணீர் தெளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் கறை பாதி போயிற்று, பாதி நின்றது.

“என்ன தெரியுது?” என்றார் கணவர்.

என்ன தெரிய வேண்டும் என்பது அவருக்கே தெரியவில்லை. சட்டை என்றால் எவ்வளவு சாயம் போகலாம் என்பதற்கு அளவு உண்டு. மருந்துக்கு என்ன அளவு?

“எங்க பணிமனையில” என்றார் கணவர் நிதானமாக, “பிரேக் பிடிக்கலன்னா மொதல்ல வண்டியை நிறுத்துவோம். அப்புறம்தான் பிரேக்கைக் கழட்டிப் பார்ப்போம். உன் வண்டி ஓடிக்கிட்டே இருக்கு.”

அவ்வளவு நீளமாக அவர் பேசுவது அரிது. ரிஜெக்ட் அக்கா கறைத் துணியைக் காயப்போட்டார். அன்றிரவு மருத்துவமனைக்குப் போகவில்லை.

விடிந்ததும் விரல் இரண்டு மடங்காகியிருந்தது. மருந்துக்கடை திறக்கும்போதே போய் நின்றார். கறைத் துணியைக் கல்லாமேல் விரித்தார். கடைக்காரர் துணியைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.

“கோட்டை எப்போ தாண்டுச்சு?”

“நேத்து சாயங்காலம். அதைப் பத்தித்தான் கேக்க வந்தேன். இந்த மருந்து—”

“நேத்தே போயிருக்கணும் அக்கா. சரி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதோட போட்டீங்க?”

“எதோடன்னா?”

“தண்ணியோடயா, டீயோடயா?”

“பாலோட.”

கடைக்காரர் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே வைத்தார். “ரெண்டு வேளையுமா?”

“ரெண்டு வேளையும். ஏன், பாலுக்கு என்ன? நல்ல பால். நான் பார்த்து வாங்கின பால்.”

“பால் நல்ல பால்தான்க்கா. அதுல சுண்ணாம்புச் சத்து இருக்குல்ல, அது இந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும். உள்ள போற மருந்துல ஒரு பங்கு ரத்தத்துல சேராமலே வெளிய போயிடும். விரல் வரைக்கும் போதுமானது போய்ச் சேராது.”

ரிஜெக்ட் அக்கா கேட்டார். “சுண்ணாம்புச் சத்து மாத்திரைன்னா?”

“அது இன்னும் மோசம். ஏன்?”

“ராத்திரி அதையும் சேர்த்துப் போட்டேன். எலும்புக்கு.”

கடைக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ரிஜெக்ட் அக்கா அவரை மறுபடியும் சந்தேகப்பட்டிருப்பார்.

“எல்லா மருந்துக்கும் இப்படி இல்லக்கா. சிலதைப் பாலோட போடலாம். இந்த மாதிரி சில வகைக்கு ஆகாது. அதனாலதான் அன்னைக்கு அத்தனை தடவை சொன்னேன். ஸ்டிக்கர்ல எழுதிப் பெட்டியில ஒட்டினேனே, பார்க்கலயா?”

“பார்த்தேன்” என்றார் ரிஜெக்ட் அக்கா. “அதுக்கு அடியில பார்த்தேன்.”

“அடியிலயா?”

“அடியில ஒண்ணும் இல்ல.”

அவர் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். “நேரா டாக்டர்கிட்ட போங்க” என்றார் கடைக்காரர். “நீங்களா மருந்தை நிறுத்தவும் வேணாம், ரெண்டா சேர்த்துப் போடவும் வேணாம். பால், அந்த எலும்பு மாத்திரை, இந்தத் துணி எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லுங்க. மறைச்சீங்கன்னா மருந்து கேக்கலன்னு நினைச்சு அவங்க வேற பெரிய மருந்துக்குப் போயிடுவாங்க.”

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். பிரித்துத் துவைத்த கேப்ஸ்யூலையும் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“துவைச்சீங்களா?”

“சோப்புப் போட்டு.”

“மருந்து கேக்குதா இல்லயான்னு பார்க்க எங்ககிட்டயும் ஒரு டெஸ்ட் இருக்கு” என்றார் டாக்டர். “சோப்பு மட்டும் வேணாம்.”

அன்று மறுபடி கீறினார்கள், இந்த முறை ஆழமாக. சீழிலிருந்து கொஞ்சம் ஆய்வகத்துக்குப் போனது. எலும்பைப் படம் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், எலும்பு இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, படத்தில் தெரியக் கொஞ்ச நாள் ஆகும் என்பதால் இன்னொரு படம் எடுக்க வேண்டும், அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்லாத டாக்டரை ரிஜெக்ட் அக்கா முதல்முறையாக முழுதும் நம்பினார். மருந்து அதேதான், முதலிலிருந்து. பெரிய டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி. விழுங்கியதும் படுக்கக் கூடாது, நெஞ்சை எரிக்கும். வயிறு எரிந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம், பால் மட்டும் தள்ளி. ஆய்வக முடிவு வந்ததும் மாற்ற வேண்டுமென்றால் அவர்களே கூப்பிடுவார்கள். டாக்டர் இந்த முறை பச்சை மையில் கோடு போட்டார்.

ரிஜெக்ட் அக்கா பச்சைக் கோட்டைத் தன் மேசைக்கு வரும் சட்டையைப் போலக் காவல் காத்தார். நாத்தனார் சுண்ணாம்புச் சத்து டப்பாவைத் திரும்ப எடுத்துப் போக வந்தார்.

“சீல் நல்லா இருக்குன்னு நீங்கதானே பாஸ் பண்ணீங்க” என்றார், கொஞ்சம் காரமாக.

“சீலைப் பார்த்தேன். எதோட சேர்க்கலாம்னு பார்க்கல. ஆமா, அந்தக் கத்தரிச்ச அட்டை என்னாச்சு?”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“எங்க?”

“அண்ணி, விரலு ஒண்ணுதான் வீங்கியிருக்கு. என்னைப் போட்டு ஏன் நோண்டுறீங்க?”

அட்டை பிறகு, வேண்டாத மருந்துகளைப் போட மருந்துக்கடையில் வைத்திருந்த பெட்டிக்குள் போனது. ரிஜெக்ட் அக்கா நாத்தனாரோடு கூடவே போய்ப் போடவைத்தார்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: விரலில் இருந்த கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமிதான். ஆக, டாக்டர் எழுதியது சரி, அதே மருந்து தண்ணீரோடு போட்டதும் கேட்டதால் போலியும் இல்லை. கடைக்காரர், டாக்டர் இருவரும் பாஸ். மடிப்புப் பிரிவு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. பச்சைக் கோட்டுக்குள் சிவப்பு ஒவ்வொரு நாளும் சுருங்கி, ஒரு பருக்கை அளவுக்கு வந்து மறைந்தது. வலி போன பிறகும் கேப்ஸ்யூல்கள் மிச்சமிருந்தன. அவற்றை நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்டிருந்தால் அது யாரென்று விசாரித்திருப்பார். இரண்டாவது படத்திலும் எலும்பு சுத்தம்.

மறுபடி கீறிய நாளிலிருந்து விடுப்பில் இருந்தவர், அதை நீட்டிக்கச் சொல்ல ஆலைக்குப் போனபோது, அவர் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். பொத்தான் பிரிவிலிருந்து தற்காலிகமாக வந்தவர். வேகக்காரர், பக்கத்தில் திருப்பி அனுப்பும் கூடை கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. சூப்பர்வைசர் முகத்தில் இருந்த நிம்மதியை ரிஜெக்ட் அக்கா குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து மேசை ஓரத்தை ஆராய்ந்தார்.

“என்னக்கா தேடுறீங்க?” என்றார் அந்தப் பெண்.

“ஒரு குறை.”

சிவப்பு அம்புகளின் நடுவே மஞ்சள் ஸ்டிக்கர் தலைகீழாக இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தார். பால், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து, வயிற்றெரிச்சல் மருந்து ஆகியவற்றோடு சேர்க்க வேண்டாம், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடவும். நிறையத் தண்ணீர். எழுத்து குண்டுகுண்டாக, யாரும் படிக்கும்படி இருந்தது. ஒன்பது மணிக்குப் பால் டம்ளரை வைக்கும் இடத்திலிருந்து அது ஒரு சாண் தூரம்கூட இல்லை.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது.” சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து, அதன் முனை மஞ்சள் ஸ்டிக்கரைக் காட்டும்படி ஒட்டினார். பிறகு அந்தப் பெண் அப்போதுதான் சரி என்று தள்ளியிருந்த சட்டையை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தழும்பு விழுந்த ஆள்காட்டி விரலைக் காலரின் உள்ளே ஓட்டினார். ஒரு தளர்ந்த தையல் தட்டுப்பட்டது. அதே தடத்தில் நடுவிரலை ஓட்டினார். இரண்டு தட்டுப்பட்டன.

இரண்டு இடத்திலும் அம்பு ஒட்டினார். சூப்பர்வைசரின் நிம்மதி போயிற்று.

தழும்பில் உணர்வு திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், முழுதும் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை ரிஜெக்ட் அக்கா வேலைக்குத் திரும்புகிறார். முதல் மாதம் அவர் மேசைக்கு நாளொன்றுக்கு முந்நூறு சட்டைகள் வரும், ஒவ்வொரு காலரையும் இரண்டு விரல்களால் பார்ப்பார்.